பச்சைப் படகுக்கு ஊற்றாத தண்ணீர்

எங்கள் பச்சைப் படகை விற்பதென்று முடிவானபோது எனக்கு ஒன்பது வயது. ஏற்காட்டில் துரைமார் காலம் அது. எஸ்டேட் தச்சரான அப்பா ஏரியில் சொந்தமாகப் படகு வைத்திருந்ததே பெரிய செய்தி. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன பலகைகளில் அவரே செய்தது. மூன்று பேர் உட்காரலாம். நான்காவது ஆள் ஏறினால் படகுக்குக் கோபம் வரும். முன்புறம் என் அளவுக்கு ஒரு சின்னப் பலகை அடித்திருந்தார். அது என் இடம்.

அப்பா அடுத்து ஆறு பேர் உட்காரும் படகொன்றைச் செய்து முடித்தார். ஏரிக்கரையில் ஆளுக்கு ஒரு படகுதான் கட்டி நிறுத்தலாம். ஆகவே புதியது தண்ணீரில் இறங்க, பழையது கரையேறி சில்வர் ஓக் மரத்தடியில் கிடந்தது. அதை வாங்கப்போகிற நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பத்து நாளில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

கரையில் கிடக்கும் படகு காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடுக்கு விட்டுவிடும். அதுவோ பங்குனி மாதம். காலையில் எட்டுக் குடம், மாலையில் எட்டுக் குடம் உள்ளே ஊற்ற வேண்டும், மேலே போர்த்திய நான்கு சாக்குகளையும் நனைக்க வேண்டும் என்று அப்பா எனக்கு வேலை வைத்தார். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் புதிய படகின் குறைகளை சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, தார் நாற்றம். இரண்டு, திரும்பச் சொன்னால் எருமைபோல் யோசிக்கிறது. மூன்று, அதில் எனக்கு இடமில்லை. மூன்றாவதை எழுதியதும் கைக்கு வேறு வேலை ஓடவில்லை. அன்று மாலையிலிருந்து தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அம்மா பார்த்தால் தெரியாதிருக்கச் சாக்குகளின் ஓரத்தை மட்டும் நனைத்தேன்.

அதன்பின் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படகைப் போய்ப் பார்ப்பேன், ஓடி வருவேன், மறுபடி போவேன். அப்பாவும் அப்படித்தான் இருந்தார். முடிந்துபோன படகை இழைப்புளியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து போவார்.

"பழைய போட்டு போனாத்தான் இந்த மனுசன் ஒரு எடத்துல ஒக்காருவாரு" என்றாள், படகைப் "போட்டு" என்றே சொல்லும் அம்மா. "மகளுக்கும் அதே நோவு."

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மரத்தைக் கடந்தாலும் விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். கதவு, பெஞ்சு, அடுத்த வீட்டுக் கட்டில், எதுவும் தப்பாது. ஒலியை வைத்தே ஈரமா, காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். அதனால் அவர் பச்சைப் படகின் பக்கம் போகும்போதெல்லாம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி கடந்துபோனார். மாரியம்மன் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் ரைட்டர் வந்தார். படகைத் தள்ளி இறக்கினார்கள். அவர் ஏறி உட்கார்ந்து பத்து முழம்கூடப் போகவில்லை, வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, இது போட்டுங்களா, சல்லடைங்களா? செஞ்ச கை நல்ல கைன்னு சொன்னாங்களே!"

அப்பா தண்ணீரில் இறங்கிப் படகைக் கரைக்கு இழுத்தார். ரைட்டர் செருப்பை மாட்டினார். இன்னும் நான்கு எட்டு வைத்துப் போய்விட்டால் படகு எங்களுடையது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு.

"கையி மேல தப்பில்லீங்க" என்றார் அப்பா. "போட்டு மேலயும் தப்பில்லீங்க. தண்ணி காட்டாம காஞ்சு கெடக்குது. ரெண்டு நாளு ஏரியில முக்கி வெச்சா பலகை ஊறித் தன்னால அடைச்சுக்குமுங்க."

"அதுவரைக்கும் என்ற வேட்டியும் ஊறோணுங்களா?" என்று ரைட்டர் சிரித்துவிட்டார்.

அப்பா சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் நாள் சொட்டுக்கூட ஒழுகாத படகு மாட்டுவண்டியில் ஏறி நாகலூர் போனது.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே, "கொடத்தக் கொண்டு போயி ஊட்ல வெய்யி கண்ணு" என்றார். ஒரு வாரம் கழித்துப் புதிய படகின் முன்புறம் ஒரு சின்னப் பலகை முளைத்திருந்தது. வீம்புக்கு ஒரு மாதம் நான் அதில் உட்காரவில்லை.

காப்பிக்கொட்டையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கருவியால் அளந்து எழுதுவது இப்போது என் வேலை. கருவி இல்லாமலே ஈரம் சொல்லத் தெரிந்த ஒருவர் அத்தனை நாளும் தன் படகைத் தொடாமல் போனதை, கவனக்குறைவு என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். தட்டிப் பார்த்துக் காய்ந்தது தெரிந்துவிட்டால் என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டியிருக்கும், அதை விற்க அவருக்கும் மனமில்லை என்பது ஒன்பது வயதில் எனக்கு எட்டவில்லை.