கூரை மூலையைப் பார்க்கும் பழக்கம்

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். கால்வலி பழகிவிட்டது. கூரை மூலையிலிருந்த கேமராதான் பழகவில்லை. கொஞ்சம் சுவரில் சாய்ந்தாலும் மைக்கில் சூப்பர்வைசர் குரல் வரும். "மூணாவது கவுண்டர், நேரா நில்லும்மா." புடவை பார்ப்பவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

வீட்டிலும் அது விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கண் தானாகக் கூரை மூலைக்குப் போகும்.

"மேல இன்னாத்த பாத்துக்கினு கீற?" என்பார் கணவர்.

"பல்லி" என்பேன். பல்லி எதுவும் இருக்காது. பிறகு நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தேன்.

வடபழனியில் கணவரின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, நான் வாசலருகே கைகட்டி நின்றிருக்கிறேன். கல்யாணப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தபோது அவரிடம், "வாங்க மேடம், பட்டு பாக்குறீங்களா, காட்டனா?" என்று கேட்டுவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

நாத்தனார் என்னைச் சமையற்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்பவள்.

"எத்தினி நாளா இப்டி கீது அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லாத. எனக்கும் வந்துச்சி. படுத்தா, வேலை செய்ற வூட்டு பெல்லு காதுல அடிச்சிக்கினே இருக்கும். பைத்தியம்னு சொல்லிடுவாங்கனு யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போனப்பறந்தான் தூக்கம் வந்துச்சி."

அடுத்த வாரம் அவளே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அவரும் நான் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டு, "அங்க யார் இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை எழுதிக்கொடுத்து, முடிந்தால் வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

உடனே முடியவில்லை. சில மாதங்கள் மாத்திரையோடு அதே கவுண்டரில்தான் நின்றேன். பிறகு ஆழ்வார்பேட்டையில் ஒரு தையல் கடையில் ஹூக் வைக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனால் பாயில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே தைக்கலாம்.

காலையில் நாத்தனாரும் நானும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம். முந்தின நாள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வருவாள். மயிலாப்பூரில் அவள் இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.