கட்டத்தில் போட்ட கோடு

ஓசூருக்கு வேலைக்கு வருபவர்கள் வாடகை அறை தேட நான் நடத்தும் இணைய மன்றத்தில், தானியங்கி போலிக் கணக்குகள் சூதாட்ட விளம்பரங்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. தடுக்க முடியாவிட்டால் மன்றத்தை மூட வேண்டியதுதான். அதனால் பதிவுப் படிவத்தில் ஒரு பொறி வைத்தேன்: ‘இந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம்.’ போலிகள் எந்தக் கட்டத்தையும் விட்டுவைக்காது. நிரப்பினால் ‘நீங்கள் இயந்திரம்’ என்று சொல்லிப் பதிவு ரத்தாகும்.

மறுநாள் காலை ஒரு விளம்பரம்கூட இல்லை! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் சூளகிரியிலிருந்து போன் வந்தது. உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கும் பெண்.

“அண்ணா, உங்க சைட் என்னைய மெஷின்னு சொல்லுது. நாள் பூரா மெஷின்கூட நிக்கறேன்தான், அதுக்காக இப்படியா?”

“அந்தக் கட்டத்துல என்னம்மா போட்டீங்க?”

“கோடுதான். கம்பெனி ஃபாரத்துல எழுத ஒண்ணும் இல்லாத கட்டத்துல கோடு போடணுமே. காலியா விட்டா ஆடிட்ல சும்மா விடுவாங்களா?”

தூக்கிவாரிப் போட்டது. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் நானும் அப்படித்தானே செய்கிறேன்! ரத்தான பதிவுகளை அவசரமாகத் திறந்தேன். போலிகள் அந்தக் கட்டத்தில் விளம்பர இணைப்புகளைப் போட்டிருந்தன. எங்களைப் போன்ற கம்பெனி ஆட்கள் பலர் கோடு போட்டிருந்தார்கள். கோடு போட்டவர்களையும் உள்ளே விடும்படி உடனே விதியை மாற்றினேன்.

சற்று நேரத்தில் மன்றத்தில் அந்தப் பெண்ணின் அறிவிப்பு வந்தது: இரண்டு பெண்களுக்கு அறை வேண்டும். ‘பிற விவரங்கள்’ கட்டத்தில் ஒரு கோடு.