பாடாங் பெசாரில் இரண்டு கடிகாரங்கள்

பயண ஏஜென்சியில் வேலை பார்க்கிறவன் உலகத்தில் எல்லா ஊருக்கும் வழி சொல்லுவான். அவன் போன ஊர் எது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். எழுபதுகளின் நடுவில் சிட்னியில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். திருச்சியிலிருந்து வந்தவன், தற்காலிக வேலை, குளிருக்கு ஒரே ஒரு கோட்டு.

சிங்கப்பூரிலிருந்து பாங்காக் வரை ரயிலில் கூட்டிப்போகும் சுற்றுலா ஒன்றை முதலாளி ஹாரிஸ் என் தலையில் கட்டினார். அந்த ரயிலை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். போகிறவர்கள் யாரும் குறை சொல்லாமல் திரும்பினால் என் வேலை நிரந்தரம். ஒரு குறை வந்தாலும் சுற்றுலாவுக்கும் எனக்கும் சேர்த்து மங்களம் பாடிவிடுவார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒன்பது பேர் ஒரு தொந்தரவும் தராத நல்லவர்கள், அதனால் இங்கே அவர்களுக்கு இடமில்லை.

கூட வருகிறவர் யார்?

முதலில் பெயர் கொடுத்தவர்கள் கணேசலிங்கம் அங்கிளும் செல்வமணி அன்ரியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கிள் ஓய்வுபெற்ற சர்வேயர். இருவரும் ஸ்ட்ராத்ஃபீல்டில் மகள் வீட்டில் இருந்தார்கள். பிளேனிலேயே நேராகப் பாங்காக் போய்விடலாமே என்று ஹாரிஸ் காதில் விழாமல் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் தம்பி, ரயில்தான்" என்றார் அங்கிள். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: "வெளிக்கிடுற நேரம் ஒண்டும் ராகு காலத்திலை இருக்கக் கூடாது."

அது நமக்குத் தெரியாததா? காலண்டரையும் டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சிட்னி விமானம், சிங்கப்பூர் ரயில், மலேசியாவில் பட்டர்வொர்த்தில் மாறி ஏறுகிற ரயில் எல்லாமே நல்ல நேரத்தில் கிளம்பின. ஊரில் கற்றது கடல் கடந்தும் சோறு போடுகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. நாங்கள் ராகு ராகு என்று பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஹாரிஸ், அவர்கள் போனதும் என்னிடம் வந்தார். "யார் இந்த ராகு? அவரும் வருவதாக இருந்தால் ஏன் இன்னும் பெயர் பதியவில்லை?"

தொலைபேசியில் தெரியாதது

பீட்டர் மெல்பர்னிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்துகொண்டவன், கிளென் வேவர்லிக்காரன், பல்கலைக்கழக மாணவன். தோள் வரைக்கும் பொன்னிற முடி. அந்த நாளில் சிங்கப்பூரில் முடி வளர்த்த ஆண்களை உள்ளே விட மாட்டார்கள், அல்லது விடுவதற்குள் படாத பாடு படுத்துவார்கள். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். கவுண்டருக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். பீட்டர் தொலைபேசியில் பதிவு செய்திருந்தான், தொலைபேசியில் முடியா தெரியும்?

சிங்கப்பூர் விமான நிலையத்தில் அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைத் திறக்கவே இல்லை. வெட்டிக்கொள், இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் திரும்பு என்று சொல்லிவிட்டார். முதல் நாளே முதல் குறை வந்தாயிற்று என்று நினைத்தேன். மற்ற பதினோரு பேரும் சுற்றி நின்று பார்க்க முடி இறங்கியது. பீட்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சிரித்துவிட்டான். "எங்கம்மா மூணு வருஷமா அழுது கேட்டாங்க. இந்த ஆள் ஒரு தடவைதான் கேட்டார்."

இரண்டு டின் தூள்

ஜொகூர் தாண்டியதும் ரப்பர் தோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அன்ரி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்துத் திறந்து பார்த்தார். வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள். ரயில் பெட்டி முழுக்கத் தும்மியது. பீட்டர் கேட்டு வாங்கி ரொட்டியில் தூவிக்கொண்டு தின்றான், கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் கொஞ்சம் கேட்டான். அடியில் இரண்டாவது டின்னும் இருந்தது. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இவ்வளவு தூள் எதற்கு என்று கேட்டேன். "எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் அசந்து தூங்கிய பிறகுதான் அன்ரி விஷயத்தைச் சொன்னார். மகன் ரவி பாங்காக்கில் என்ஜினீயர். அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அன்ரி மன்றாடியதில்தான் இந்தப் பயணம். ரயிலில்தான் போக வேண்டும் என்று அங்கிள் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்று கேட்டேன். அன்ரி டின்னை மூடி இறுக்கினார். "பிளேன் எண்டா கெதியாப் போயிடும் தம்பி. ரயில் எண்டா இடையிலை இறங்கித் திரும்பலாமாம்."

நடுவில் ஒரு பெஞ்சு

பாடாங் பெசார்தான் எல்லை. ஒரே நடைமேடை. எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி முதலில் மலேசியக்காரரிடம் முத்திரை வாங்க வேண்டும், பிறகு நாலடி தள்ளித் தாய்லாந்துக்காரரிடம் வாங்க வேண்டும், பிறகு மறுபடி ஏற வேண்டும். மலேசியப் பக்கம் இருந்த அதிகாரி தமிழர், ஈப்போக்காரர். எங்களைப் பார்த்ததும் குஷியாகி டப் டப்பென்று குத்தித் தள்ளினார். முத்திரை வாங்கிக்கொண்ட அங்கிள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டிவிட்டது. அன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம்.

ரயில் கிளம்புகிற நேரமெல்லாம் பார்த்த மகாபுத்திசாலியான நான், நாடு மாறுகிற நேரத்தைப் பார்க்கவில்லை. அங்கிள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் வரேல்லை எண்டு சொல்லேல்லை தம்பி. இப்ப வரேல்லை எண்டுதான் சொல்லுறன்." ரயில் ஒன்றரை வரை நிற்காது என்றேன். "அப்ப நாங்கள் திரும்பிப் போறம்" என்றார், கொஞ்சம் அவசரமாகவே. மலேசிய அதிகாரி எட்டிப் பார்த்தார். "ஐயா, உங்கள வெளியாக்கியாச்சு லா. இப்ப நீங்க எந்த நாட்டுலயும் இல்ல."

பெட்டியை மட்டும் முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டால் கிளம்பிவிட்டதாகக் கணக்கு, எங்கள் பக்கம் அப்படிச் செய்வதுண்டு என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ராகுவிடம் அவருக்கு அவ்வளவு பயம் இல்லை. மகன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயம். பாவமாக இருந்தது. என் வேலை போகப்போகிறது என்பதுகூடச் சற்று நேரம் மறந்துபோயிற்று.

கார்டு விசிலைக் கையில் எடுத்துவிட்டார். பீட்டர் இரண்டு டின்னையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தாய்லாந்து மேசை அருகே நின்று கையாட்டினான். அவனுக்குத் தலைக்கு மேலே அந்த நாட்டுக் கடிகாரம். அன்ரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் தாய்லாந்து நேரம் மலேசியாவுக்கு அரை மணி பின்னால் என்று டைம்டேபிளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான்தான் பதற்றத்தில் மறந்துவிட்டேன். அங்கே மணி பதினொன்றே முக்கால். அன்ரி வந்து அங்கிளின் கையைப் பிடித்தார். "அது மலேசியாவின்ரை ராகு காலம். பிள்ளை இருக்கிற ஊரிலை இன்னும் தொடங்கேல்லை. எழும்புங்கோ."

பாங்காக் நிலையம்

சர்வேயருக்கு அளவு சரியாக இருந்தால் போதும், எழுந்து வந்துவிட்டார். மறுநாள் காலை ரயில் வெகு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நடைமேடையில் ரவியும் அவன் மனைவி மாலியும் நின்றார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பி நெற்றி வரைக்கும் உயர்த்திக் கும்பிட்டாள். அன்ரி அழ ஆரம்பித்துவிட்டார். அங்கிள் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு மகனிடம் பேசினார்: "ரயில் பிந்திப்போச்சுது. கனநேரம் நிண்டனீங்களே?"

விடியற்காலையிலிருந்தே நிற்கிறோம் என்று ரவி பிற்பாடு என்னிடம் சொன்னான். பதில் சொன்னவள் மாலிதான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத் தமிழிலேயே சொன்னாள். நான் சாமான்களை எண்ணுகிற சாக்கில் நகர்ந்துகொண்டேன். "இல்லை மாமா, இப்பதான் வந்தனாங்கள்."

ஒரே ஒரு குறை

சிட்னி திரும்பியதும் ஹாரிஸ் எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார். பீட்டர் ஊருக்குப் போய்விட்டதால் தொலைபேசியில் கேட்டார். முடி பற்றி ஒரு சொல்லும் இல்லை, அந்தத் தூள் மெல்பர்னில் எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரித்தானாம்.

கடைசியாக அங்கிளின் முறை. ஹாரிஸ் கேட்பதற்கு முன்பே அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு குறை இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். பெஞ்சைச் சொல்லப்போகிறார், நான் நேரம் பார்க்கத் தவறியதைச் சொல்லப்போகிறார், என் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் ஹாரிஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மருமகள் சமைக்க வெளிக்கிட்ட நேரம் பாத்து ஏன் தம்பி திரும்புற டிக்கெட்டைப் போட்டனீர்?"

இதைக் குறையில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஹாரிஸ் இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னை நிரந்தரமாக்கினார். பல வருஷம் அந்தத் தடத்தில் ஆட்களைக் கூட்டிப்போனவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ரயில் மனிதர்களை எல்லை வரைக்கும்தான் கொண்டுபோகும், தாண்ட வைக்கிற வேலையைக் கூட வருகிற மனைவிமார்தான் செய்கிறார்கள், அதுவும் கமிஷன் இல்லாமல்.