சென்னையிலிருந்து சிங்கப்பூர்: ஆறே முக்காலா, நாலே காலா?

சிங்கப்பூரில் இருந்த மகளுக்கு இரண்டாவது பிரசவம். உதவிக்கு என் மனைவி போயாக வேண்டும். அவளுக்கோ இடுப்பு எலும்பில் தேய்மானம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சென்னை வரை ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம். விமானத்தில் படுக்க விடமாட்டார்களாம். ஆக, எனக்குத் தெரிய வேண்டியது ஒரே ஓர் எண்: பறக்கிற நேரம்.

நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு விதமாகச் சொன்னார்கள். டிராவல்ஸ்காரர் "நாலு மணி நேரம் சார்" என்றார், நிமிடக் கணக்கே இல்லாமல். போய் வந்த எதிர்வீட்டுக்காரர், "ஒரு தூக்கம் போட்டா வந்துரும்" என்றார். எத்தனை மணி நேரத் தூக்கம்? பிரவுசிங் சென்டர் பையன் எடுத்துக் கொடுத்த தாளில் தூரம் 2,900 கிலோமீட்டர், நேரம் மூன்று மணி நாற்பது நிமிடம். அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். தூரம் மட்டும் சரியாக இருந்தது. மருமகன் போனில், "நாலே கால்தான் மாமா" என்றார்.

டிக்கெட் வந்தது. புறப்பாடு காலை 10.00, சேருவது மாலை 4.45. கழித்தால் ஆறே முக்கால். ரயில்வே ஜங்ஷன் ஊரில் ஆயுள் முழுக்க அட்டவணை பார்த்தவன் நான். மாமியாரை வரவழைக்க மருமகன் பொய் சொல்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

"நீ போக வேண்டாம்" என்றேன்.

"பிள்ள பெத்தவளுக்கு வெந்நி வச்சுக் குடுக்க யாரு இருக்கா? உங்க கணக்கா?" என்றவள், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் தம்பி வந்தார். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை. சிங்கப்பூர்க் கடை ஒன்றின் ஆர்டரில் மிஞ்சிய தினசரி காலண்டரை அக்காளுக்குக் கொண்டுவந்திருந்தார். வழக்கம்போலத் தாள்களை எண்ண ஆரம்பித்தவன் பதினொன்றாவது தாளில் நின்றேன். சூரிய உதயம் 7.11 என்று போட்டிருந்தது. முந்தைய பத்திலும் ஏழு மணிதான்.

"ஏழு மணிக்கா விடியும்? லோடு முழுக்கத் தப்பா அடிச்சு அனுப்பிட்டீகளா?"

"தப்பு இல்ல அத்தான். அங்கன கடியாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அவுக ஊரு டயத்தத்தானே போடணும்?"

தீர்க்கரேகை நானும் பள்ளியில் படித்ததுதான். ஆறே முக்காலில் இரண்டரை போனால் நாலே கால். இதை டிக்கெட்டில் ஒரு வரி போட்டால் என்ன? கேட்ட நான்கு பேரில் ஒருவராவது சொன்னால் என்ன?

மனைவி தம்பியைப் பார்த்து, "எலேய், இத ரெண்டு நாளைக்கு முன்னாலயே கொண்டாந்தா என்னடா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

போனாள். விமானத்தில் மூன்று முறை எழுந்து நடந்தாளாம். இடுப்பு தாங்கிவிட்டது. பேத்தி பிறந்து இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தாள்.

"திரும்பி வாரதுக்கு டிக்கெட் போட்டாச்சு. சாயந்தரம் ஆறு மணிக்கு ஏறுனா ஏழே முக்காலுக்கு மெட்ராஸாம். உங்க கணக்குக்கு ஒண்ணே முக்கா மணி நேரந்தான். இப்பவாச்சும் வரலாமா, இல்ல டாக்டரக் கேக்கணுமா?"