ஏழு மனுக்கள்

யுத்த காலத்தில் சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் இங்கிலீஷ் வாத்தியார். பள்ளி விட்டதும் ஓர் அச்சுக்கூடத்துக்குப் போய்ப் புரூப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையானாலும் சங்கத்து அறிக்கையானாலும் என் சிவப்புப் பேனா தொடாமல் மிஷின் ஏறாது. ஒரு சொல் அதிகமாக இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அந்தத் திமிரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நூலுக்கும் பங்கீடு வந்திருந்தது. ஆட்டையாம்பட்டியில் ஒரே தெருவைச் சேர்ந்த ஏழு நெசவாளர்கள் நூல் கேட்டு மனுப் போடுவதாக இருந்தார்கள். தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர் எழுதித் தந்த இங்கிலீஷைத் திருத்தித் தரச் சொல்லி, அவர்களில் ஒருவர் ஏழையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நடுவயசுக்காரர். நூல் கிடைக்காவிட்டால் தறியை விற்றுவிட்டுக் கல்லுடைக்கப் போக வேண்டியதுதான் என்றார்.

மனுக்களைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றில் தறிக்குழிக்குள் மழைத்தண்ணீர் நின்ற கதை. இன்னொன்றில் மச்சினனோடு பாகத் தகராறு. நூல் கேட்கிறவனுக்கு மச்சினன் எதற்கு? வீட்டுச் சங்கதிகளை எல்லாம் ஒரே கோடாக அடித்தேன். மிஞ்சியதைக் கச்சிதமாக நாலு வாக்கியத்தில் அமைத்து, பெயரையும் தறிக் கணக்கையும் மட்டும் மாற்றி, நல்ல காகிதத்தில் நானே ஏழு படி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து மகிழ்ந்தும் கொண்டேன்.

ஒரு மாதத்தில் ஏழும் தள்ளுபடியாகிவிட்டன. எனக்கு ஆறவில்லை. பங்கீட்டு ஆபீசுக்கே போய் விசாரித்தேன். குமாஸ்தா மனுக்கட்டை எடுத்துக் காட்டினார். ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியங்கள். நூல் பதுக்குகிற வியாபாரி யாரோ பொய்ப் பெயர்களில் எழுதிப் போட்டதாக அதிகாரி முடிவு கட்டிவிட்டாராம். ஊருக்கு ஆள் அனுப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நெசவாளி மனுன்னா அழுகையும் புலம்பலுமா இருக்கும் சார். இது படிச்சவன் வேலை” என்றார் குமாஸ்தா.

அந்தப் படித்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். உத்தரவு ஆகிவிட்டது, அடுத்த பங்கீட்டின்போது மறுபடி போடச் சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். என்னிடம் வந்தவரின் வீட்டில் தறி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. முந்தின நாள்தான் விற்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒன்று மட்டும் கேட்டார்.

“ஏனுங்க, எங்க ஊட்டுக்காரிக்குக் கண்ணு தெரியாதுன்னு அதுல இருந்துதுங்களா?”

அவர் மனைவி உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ராட்டையில் நூல் சுற்றுவது ஒன்றுதான் அவள் தடவிச் செய்யக்கூடிய வேலை என்று அவர் சொல்லித் தெரிந்தது. அந்த வரியை அடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இல்லை என்றேன்.

“அதத்தானுங்க மொதல்ல எழுதச் சொன்னேன்” என்றார். குரல் ஏறவில்லை.

அவள் பேச்சு வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, வாத்தியாருக்கு மோர் கொடுத்தீர்களா என்று புருஷனைக் கேட்டாள்.