அண்டாவுக்கும் மணைக்கும் நடுவே

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுப் பக்கம், என் சம்பந்தி வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு என் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒரு டெம்போ பிடித்து, கலந்த சாதங்கள், சீர்த் தட்டுகள், கண்ணாடி வளையல்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். மகளை மணையில் உட்கார வைத்தார்கள். நான் மாடியின் மறு கோடியில், சாப்பாட்டு அண்டாக்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அந்த இடத்தை யாரும் எனக்கு ஒதுக்கவில்லை. என் கணவர் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விசேஷ வீட்டில் நுழைந்தால் கால் தானாகவே சமையல் பக்கம் திரும்பிவிடும்.

அவர் பட்டுத் தறி நெய்தவர். ஒரு நாள் தறியிலிருந்து எழுந்து வந்து, நெஞ்சு எரிகிறது, கொஞ்சம் மோர் கொடு என்றார். மோரில் உப்புப் போட்டுக் கலக்கி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் துக்கத்தை எப்படிச் சொல்வது? இன்றைக்கும் மோர் கலக்கினால் கை கொஞ்சம் அவசரப்படும், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. ஆனால் அவர் இல்லாத வீட்டில் இருக்கக்கூட ஒரு மாதிரி பழகிக்கொண்டேன். பழகாத விஷயம் ஒன்று இருந்தது. அது குங்குமச் சிமிழ்.

கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் வீடு வீடாகக் குங்குமம் கொடுத்துக் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் வாசலில் சேர்ந்தே நின்றிருப்போம். சிமிழ் என் பக்கம் வரும், ஒரு கணம் தயங்கும், பிறகு என்னைத் தாண்டி அவளிடம் போகும். எனக்குப் பத்திரிகை மட்டும். கொடுக்கிறவர்கள் முகத்தில் சங்கடம் தெரியும் என்பதால், நானே முந்திக்கொண்டு உள்ளே தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி நடிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த நடிப்புக்கு விருது கொடுப்பதென்றால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஆசை மட்டும் போகவே இல்லை. வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போவேன். அங்கே வரிசையில் எல்லாருக்கும் கொடுப்பது போல என் கையிலும் குங்குமம் விழும். நெற்றியில் வைத்துக்கொள்ளாமல், காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரியில் வைப்பேன். வைத்துக்கொள்ளவும் பயம், தூணில் கொட்டிவிட்டு வரவும் மனசு வராது. அலமாரி முழுக்கப் பொட்டலங்களாகச் சேர்ந்துவிட்டன.

என் தொழில் பாவு பிணைப்பது. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், முடிந்ததும், அதன் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்ட வேண்டும். எத்தனையோ முகூர்த்தப் புடவைகளுக்கு நான் பிணைத்திருக்கிறேன். அந்த இழைகளைத் தொடும்போது இந்தக் கைக்குப் புருஷன் உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. புடவை மணமேடைக்குப் போனதும்தான் என் கை ஆகாததாகிவிடும். இதை நினைத்து எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை.

செய்தவர் எங்கள் தெரு மாவுக்கடை அக்கா. இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் குரலே அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் காலணா அகலத்துக்குக் குங்குமம். ஞாயிறு சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் பதிகம் பாடும் பெண்கள் குழுவை நடத்துவது அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாவு வாங்கப் போனபோது, அம்மன் கோயில் குங்குமத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு எதற்கு அக்கா என்று பின்வாங்கினேன்.

"கோயில்ல உனுக்கு குடுத்தாரே குருக்கள், புருஷன் இருக்கானான்னு கேட்டுட்டா குடுத்தாரு? அம்மா குடுக்கறத வாணாம்னு சொல்ல நீ யாரு, அவளுக்கு மேலயா?" என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகப் போய், மாவை வாங்காமலேயே வந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே மாவோடு வந்தார்.

அதன் பிறகு என்னைப் பதிகக் குழுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டு முடிந்ததும் குங்குமத் தட்டு வரிசையாக எல்லாரிடமும் போகும், யாரையும் தாண்டக் கூடாது என்று குழுவில் பேசி முடிவு செய்தார்கள். சாமி எதிரில் பிடித்த தட்டில் ஆளுக்கொரு நியாயம் கிடையாது என்பது அவர்கள் கட்சி. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. என் பக்கம் தட்டு வந்தால் நான் மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையைத் துடைத்துவிடுவேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

மகள் மாசமானதும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் காப்பை நீதான் போட வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் முதலில் பெண்ணின் அம்மா வேப்பங்கொழுந்தை வளையமாக முறுக்கிக் கையில் மாட்டி, அதன் மேல் கண்ணாடி வளையல் போடுவார். நான் முடியவே முடியாது என்றேன். ஆசை இல்லையா என்று கேட்டால், அந்த ஆசையினால்தான் பயமே. அவள் கன்னத்தில் சந்தனம் பூச வேண்டும், கையைப் பிடித்து வளையல் ஏற்ற வேண்டும் என்று எத்தனை தடவை மனசுக்குள் செய்து பார்த்திருப்பேன்! ஆனால் நான் தொட்டு, பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் சொல்வது இருக்கட்டும், என்னை நானே மன்னிப்பேனா?

என் அண்ணியும் அதைத்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தில் அல்ல. கணவர் போன பிறகு மாதக்கணக்கில் எனக்குச் சோறு கொண்டு வந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவர் அவர். "நீ சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கோமா. புள்ள நல்லபடியா பெத்து எழுந்திரிக்கட்டும், அப்பால ஆயுசுக்கும் கொஞ்சிக்கினு இரு" என்றார். அம்மா ஸ்தானத்தில் அவரே முதல் காப்புப் போடுவதாக ஏற்பாடு.

இப்படித்தான் நான் அண்டா பக்கத்தில் நின்றேன். சம்பந்தியின் ஓரகத்தி குரல் கொடுத்தார்: "பொண்ணோட அம்மா வாங்க, மொத காப்பு!" அண்ணி வேப்பங்கொழுந்தோடு எழுந்தார்.

எங்கள் பதிகக் குழுப் பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்த மாவுக்கடை அக்கா, "பொண்ணோட அம்மாவத்தான கூப்பிட்டாங்க?" என்றார். அவர் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, கீழே வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அண்ணி, அவள் வர மாட்டாள், அவளுக்கே தெரியும் என்றார். இறங்கி ஓடிவிடலாமா என்று நான் மாடிப்படியைப் பார்த்தேன்.

அக்கா சண்டை போடவில்லை. திருச்சி மலைக்கோட்டைச் சாமி கதையை எடுத்தார். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பி வந்த தாய் ஆற்று வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொள்ள, சாமியே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பேறு பார்த்த கதை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"அந்தப் பொண்ணோட அம்மா வரலன்னு சாமிக்கே மனசு கேக்கல. அங்கயாவது நடுவுல ஆறு இருந்துச்சு. தோ, இந்தப் பொண்ணோட அம்மா அண்டாகிட்ட நிக்கறா. நடுவுல எந்த ஆறு ஓடுதுமா? யாராச்சும் காட்டுங்க" என்றார். குழுப் பெண்கள் ஒருத்தியும் வளையல் தட்டைத் தொடவில்லை. அம்மா போடட்டும், பிறகு நாங்கள் போடுகிறோம் என்று பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் வலது கையை நான் நிற்கும் திசையில் நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

சம்பந்தி எழுந்து என்னை நோக்கி வந்தார். அதிகம் பேசாத அம்மா. இன்றோடு உறவு கெட்டது என்றே நினைத்தேன். அருகில் வந்து, "சம்மந்தி, புள்ளைக்கு கை வலிக்கும். எத்தினி நேரம் நீட்டிக்கினு இருப்பா, வாங்க" என்றார்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கையில் புளிச்சாத வாசனை, முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அண்ணியிடமிருந்து வேப்பங்கொழுந்தை வாங்கி மாட்டினேன். சந்தனம் பூசும்போது மகள் கன்னம் சில்லென்றிருந்தது. பிறகு கண்ணாடி வளையல். அவளுக்கோ கை வீங்கியிருந்தது, எனக்கோ அவசரம். கட்டை விரல் முட்டியைத் தாண்டும்போது, என் கையிலேயே வளையல் படக்கென்று உடைந்தது.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையில் மிஞ்சிய துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பெருகிப்போச்சு" என்றார் மாவுக்கடை அக்கா. உடனே குழுவில் இன்னொரு அம்மா, "ஆமா, பெருகிப்போச்சு" என்றார். பிறகு நான்கைந்து பேர் சேர்ந்தே சொன்னார்கள். மங்கலப் பொருள் ஏதாவது உடைந்தால் உடைந்தது என்று எங்களில் சொல்ல மாட்டார்கள், பெருகிப்போச்சு என்பார்கள். அந்த நல்ல வார்த்தை சுமங்கலியின் கைக்குத்தான் கிடைக்கும். என் கையில் உடைந்ததற்கும் அதைச் சொன்னார்கள். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதேன். மகள், "அடுத்தத போடும்மா" என்றாள். அடுத்தது நல்லபடியாக ஏறியது.

அதன் பிறகு பிரசவம் வரைக்கும் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சாப்பிடும்போதும் வளையல் உடைந்த அந்தச் சத்தம் காதில் கேட்கும். அண்ணி பேச்சை நிறுத்திவிட்டார். பேத்தி பிறந்தாள், நல்ல எடையோடு, நல்ல தொண்டையோடு. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது அண்ணிதான். குழந்தையின் கை விரல், கால் விரல் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பயந்துக்கினே இருந்தேன்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டார். என் கணவர் இருந்திருந்தால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தறித் தறியாகப் போய்க் காட்டியிருப்பார். அன்றைக்கு அவரை நினைத்து ஏங்கிய மாதிரி அவர் போன அன்றுகூட நான் ஏங்கவில்லை.

இப்போது நானும் குழுவோடு வீடுகளுக்குப் பாடப் போகிறேன். சில வீடுகளில் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முசரவாக்கத்தில் ஒரு வீட்டில், பாட்டு முடிந்து சிமிழோடு போனபோது, கதவோரம் நின்ற பெண் ஒருவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கண் மட்டும் சிமிழைவிட்டு நகரவில்லை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வற்புறுத்துவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் அக்கா ஒன்று சொல்லித்தான் அனுப்புவார்: "வாணாம்னு சொன்னதும் எடுத்துடாத. கொஞ்ச நேரம் நீட்டிக்கினே இரு."

அன்று வீட்டுக்கு வந்து என் பழைய ஆல்பத்தை எடுத்தேன். என் வளைகாப்புக்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். எனக்கு முதல் காப்புப் போட்டது பெரியம்மா. சந்தனம் பூசுகிறவர்கள், ஆரத்தி எடுக்கிறவர்கள், பன்னீர் தெளித்துச் சிரிக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு படத்தில்கூட அம்மா இல்லை. எங்கே நின்றிருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் பெண்ணின் முகம் தெரியாது, முதுகும் தலையில் வைத்த பூவும்தான் தெரியும். அம்மா இப்போது இல்லை. அவள் பக்கம் நான் கையை நீட்டியிருந்தால் வந்திருப்பாளா என்றும் தெரியாது. அதனால்தான், குங்குமச் சிமிழை யாரிடம் நீட்டினாலும், எடுக்கக் கொஞ்சம் தாமதமானால், அம்மாதான் யோசித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கையை மடக்காமல் நிற்கிறேன்.