ஸ்டெல்லா அக்கா தனியாக நிற்கவில்லை

செய்தியைச் சொன்னது ஸ்டெல்லா அக்காவின் மகன் டேனியல்தான். "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றான். நான் அழத் தொடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "அம்மா தனியா நிக்கிற போட்டோ ஒண்ணு உங்க போன்ல இருக்குமா? பேனர் கடைக்காரர் கேக்கறாரு." இல்லை என்றேன். தேடிப் பார்க்கவே தேவையில்லை. அந்த ஒரு விஷயத்தில் அக்கா எப்போதும் உஷார்.

மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறுகிற உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் சீட்டில் கைப்பையைப் போட்டு, எனக்காக இடம் பிடித்துச் சண்டை போடுவாரே, அவர்தான். பெங்களூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். அவர் துணி அறைக்குப் பொறுப்பு, நான் பில் கவுண்டர்.

வருஷம் முழுக்க போட்டோ பக்கமே போகாத மனுஷி, பனி இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவார். மெரூன் ஸ்வெட்டர் பெட்டியிலிருந்து வெளியே வரும். "இப்பதாண்டி எடுக்கணும். மூஞ்சில எண்ணெ வடியாது, பவுடர் கரையாது. பின்னாடி அந்த மேடும் தெரியாது, ஊட்டி மாதிரி கீது பாரு" என்பார். உண்மைதான். தங்கம் பிரித்தபின் மிஞ்சிய சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சயனைடு மேட்டை அந்தச் சில வாரங்கள் மட்டும் பனி மறைத்துவிடும். மற்ற மாதங்களில் காற்றடித்தால் அதன் தூள் எங்கள் சோற்றில் வந்து விழும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மேடு இல்லாமல் போய்விடுமா என்ன?

ஆனால் தனியாக மட்டும் நிற்க மாட்டார். டீ விற்கிறவர், முன்பின் தெரியாத காலேஜ் பெண் என்று யாரையாவது இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். ஒருமுறை ஆளே கிடைக்காமல், பிளாட்பாரத்தில் மேய்ந்த ஓர் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ரயிலையே கோட்டை விட்டிருப்போம்.

காரணத்தை ஒருநாள் அவராகவே சொன்னார். ரயிலில் கூட வந்த கன்னடக்காரப் பெண் "சளி ஜாஸ்தி" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டாள். கன்னடத்தில் சளி என்றால் குளிர். நாங்கள் சிரித்தோம், அக்கா சிரிக்கவில்லை. "எங்க வூட்ல ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அவர் அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். பாறைத்தூசு நெஞ்சில் ஏறி, குளிர் வந்தால் இருமி இருமியே பொழுது விடியுமாம். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே மாட்டியிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக ஒரு படம் எடுத்து வந்திருக்கிறார்.

"கோட்டு போட்டா எலும்பு தெரியாது இல்ல? மாப்பிள்ளை மாதிரி கீறாருன்னு அம்மாக்கு ஒரே சந்தோஷம். லெந்து நோன்பு முடியறதுக்குள்ள அதே படத்துக்கு மாலை போட்டோம். அப்பால ஒரு குளிருக்கு அண்ணன் போய் எடுத்துனு வந்தான். அதே கோட்டு."

அண்ணன் என்ன ஆனார் என்று நாங்கள் கேட்கவில்லை. "தனியா நின்னா அந்தப் படம் சுவத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன டிசம்பரில் அக்காவும் இருமத் தொடங்கினார். சுரங்கத்தில் கால் வைக்காதவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. எங்கள் தெரு முனையில்தானே மேடு. ஸ்வெட்டர் அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒரு காலை, எதிர்த் தண்டவாளம்கூடத் தெரியாத பனியில், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

"எடுடி. நீ வராத. இந்த வாட்டி நான் மட்டும்."

போனை வாங்கிய கையோடு கேட்டேன். "இன்னாக்கா, காலங்காத்தால இன்னா பேச்சு இது?"

"ஒண்ணாவது இருக்கட்டும்டி. பையன் அப்பால எங்க போய்த் தேடுவான்?"

நான் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் போனைத் திணித்துவிட்டு ஓடிப்போய் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் அந்தப் பனிக்குள் போய்விடுவார் என்று அழுத்தியே பிடித்தேன். "உன்ன வச்சுனு ஒரு வேலையும் பண்ண முடியாது" என்று திட்டினார். ஆனால் படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். லெந்து தொடங்கிய வாரம் டேனியலின் போன் வந்தது.

அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். மறுநாள் அடக்கத்துக்குப் போகிற வழியில், ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே பேனரைப் பார்த்தேன். என்னை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் நீல வானமும் புறாவும் வைத்திருந்தார்கள். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஸ்வெட்டரில் ஓட்டை விழுகிறது என்றாராம் கடைக்காரர். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு மேலே, மெரூன் தோளில், என் விரல்கள், என் மோதிரம்.

டேனியல் மன்னிப்புக் கேட்டான். வேண்டாம்டா, இருக்கட்டும் என்றேன். நடுத்தெருவில் நின்று அழுதேன். துக்கம் பாதி, பயம் பாதி. பேனர் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ரயிலுக்குப் போகும்போது தினமும் அதைப் பார்க்கிறேன், என் கை எனக்கு முன்பே அங்கே போய் நிற்கிறது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தனியாக நிற்க மாட்டேன் என்ற அந்தப் பிடிவாதத்தைத்தான். பனி இறங்கியதும் பிளாட்பாரத்தில் உங்களில் யாரையாவது கூப்பிடுவேன். மறுக்காமல் வந்து என் தோளில் கையை வையுங்கள்.